கார்புரேட்டரைக் கழற்றும் முன் இதைப் படிங்க... காயலான் கடைக்குப் போகவிருந்த பத்மினி திரும்பி வந்த கதை!

திருச்சியில எங்க பெரியப்பா வீட்டு வாசல் வேப்பமரத்தடியில ஒரு க்ரீம் கலர் பத்மினி நிக்கும். 1984 மாடல். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துல கையில கியர் போடுற வண்டி. அக்கா கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்குப் போனது, நான் பிறந்தப்போ ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கொண்டு வந்தது எல்லாம் அதுதான்.

பெரியப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் வண்டியை யாரும் தொடலை. போன வருஷம் பேட்டரி மாத்தி சாவியைத் திருப்பினா, ஸ்டார்ட் ஆச்சு. ஆனா ஐடிலிங்ல நிக்கலை. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இருமுது. பின்னாடி கறுப்புப் புகை. போனட்டைத் திறந்தா பெட்ரோல் நாத்தம் மூக்கைத் துளைக்குது. ஒரு மெக்கானிக் வந்து பத்து நிமிஷம் பார்த்துட்டு, "இன்ஜின் போச்சுங்க. ரீ-போர் பண்ணணும். இல்லைன்னா பேசாம தள்ளிவிட்டுடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மறுநாளே காயலான் கடைக்காரர் வந்து விலை பேசினார். பெரியப்பா ஒண்ணும் சொல்லாம உள்ள போய்ப் படுத்துட்டார்.

உண்மையில அந்த இன்ஜினுக்கு ஒண்ணுமே ஆகலை. கார்புரேட்டர்ல நாலு கோளாறு. அதுக்கு வெளியில ரெண்டு கோளாறு. அதைக் கண்டுபிடிச்சது பாலக்கரை பக்கம் சின்னதா பட்டறை வெச்சிருக்கிற, எழுபது வயசைத் தாண்டின ஒரு மேஸ்திரி. நாலு ஞாயித்துக்கிழமை அவர் பக்கத்துல ஸ்பானர் எடுத்துக்கொடுத்து நான் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டு ஷெட்லயும் ஒரு பழைய ஃபியட்டோ, அம்பாசடரோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ தூங்கிட்டு இருந்தா, யாராவது வந்து "இன்ஜின் போச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

கொசு மருந்து பம்ப்தான்... வேற ஒண்ணும் இல்லை!

2020-ல் பி.எஸ்-6 வந்ததுக்கு அப்புறம் பைக் வாங்கினவங்களுக்கு கார்புரேட்டர்னா என்னன்னே தெரிய வாய்ப்பில்லை. இப்ப எவ்வளவு பெட்ரோல் போகணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. முன்னாடி அந்த வேலையைச் செஞ்சது பித்தளை ஓட்டைகள்.

அந்தக் காலத்து ஃபிளிட் பம்ப் ஞாபகம் இருக்கா? கையால தள்ளினா காத்து வேகமா போகும், கீழ டப்பாவில் இருக்குற மருந்து குழாய் வழியா மேல ஏறி, பூந்தூறலா தெறிக்கும். கார்புரேட்டர் அதேதான். இன்ஜின் காத்தை உறிஞ்சுது. அந்தக் காத்து நடுவுல ஒடுங்கின ஒரு குழாய் வழியா போறப்போ வேகம் கூடுது, அழுத்தம் குறையுது. பக்கத்துல இருக்குற சின்னத் தொட்டியிலிருந்து பெட்ரோல் மேலேறி காத்தோட கலக்குது. 1893-ல் ஹங்கேரியில பாங்கியும் சோன்காவும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கேட்டப்போ, தெருவுல பூக்காரப் பொண்ணு பூ மேல வாயால ஊதித் தண்ணி தெளிச்சதைப் பார்த்துதான் ஐடியா வந்துச்சுன்னு ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, விளக்கம் என்னவோ சரியாத்தான் இருக்கு.

பத்மினியில இருக்குறது சோலெக்ஸ் கார்புரேட்டர். இந்த வண்டி 1964-ல் ஃபியட் 1100 டிலைட்ங்கிற பேர்ல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸோட மும்பை குர்லா ஃபேக்டரியில ஆரம்பிச்சு, 1970-கள்ல பத்மினியா பேர் மாறி, நூற்றாண்டு முடியிற வரைக்கும் வந்தது. இன்ஜின் 1,089 சி.சி. மும்பையில இந்த டாக்ஸிகள் 2023 அக்டோபரோட ரோட்டை விட்டுப் போச்சு. அவ்வளவு வருஷம் அந்த ஊர் டிராஃபிக்ல அடிபட்டு ஓடினதே இந்த கார்புரேட்டர் எவ்வளவு முரட்டுச் சாமான்னு சொல்லும்.

உள்ள அஞ்சு டிபார்ட்மென்ட் இருக்கு. பெட்ரோல் தேங்குற தொட்டி, அதுல மிதக்குற ஃப்ளோட், தொட்டி நிரம்பினா பெட்ரோலை நிறுத்துற நீடில் வால்வு, இது ஒண்ணு. ஐடிலிங்குக்கு பைலட் ஜெட். ஓடுறப்போ மெயின் ஜெட். திடீர்னு மிதிச்சா ஒரு வாய் பெட்ரோலைப் பீச்சுற பம்ப். குளிர்ல ஸ்டார்ட் பண்ண சோக். எந்த நேரத்துல வண்டி மக்கர் பண்ணுதுன்னு கவனிச்சாலே, எந்த டிபார்ட்மென்ட் லீவு போட்டிருக்குன்னு பாதி தெரிஞ்சிடும்.

முதல்ல கார்புரேட்டரைத் தொடாதீங்க

மேஸ்திரி வந்ததும் நான் ஆர்வமா கார்புரேட்டர் பக்கம் கை நீட்டினேன். "தம்பி, கையை எடுங்க. அது கடைசி"ன்னார். முதல்ல கழட்டினது பிளக்.

அவரோட கணக்கு இதுதான்: கார்புரேட்டர் கோளாறுன்னு பட்டறைக்கு வர்ற பழைய வண்டிகள்ல பாதிக்கு மேல கரன்ட் கோளாறு. பொறி வீக்கா இருந்தா பெட்ரோல் முழுசா எரியாது, கறுப்புப் புகை வரும், இருமும். பார்க்குறவங்க கார்புரேட்டர் மேல பழியைப் போட்டு, அதைப் பிரிச்சு, நல்லா இருந்ததையும் கெடுத்துடுவாங்க. அப்புறம் எது முதல் கோளாறு, எது நாம பண்ணின கோளாறுன்னே தெரியாது.

அதனால வரிசை முக்கியம். பிளக் இடைவெளி 0.6 மி.மீ பக்கத்துல இருக்கணும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தா உள்ள இருக்குற பாயின்ட் சுத்தமா, 0.4-லிருந்து 0.5 மி.மீ-க்குள்ள திறக்கணும். எங்க வண்டியில பாயின்ட் முகம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்து கிடந்தது. கண்டன்சர் போனா இப்படி ஆகும். ரெண்டையும் மாத்தினோம். முதல் கோளாறு அங்கேயே முடிஞ்சது. கறுப்புப் புகை குறைஞ்சது, ஆனா போகலை.

அடுத்தது பெட்ரோல் வர்ற வழி. கார்புரேட்டருக்கு வர்ற டியூபைக் கழட்டி ஒரு பாட்டிலுக்குள்ள விட்டு, காயிலோட சின்ன ஒயரைப் பிடுங்கிட்டு (பொறி பறக்கக் கூடாது, கட்டாயம்) செல்ஃப் அடிச்சுப் பார்த்தோம். பம்ப் ஒழுங்கா இருந்தா துடிப்பு துடிப்பா பீச்சும். எங்களுக்கு அழுத மாதிரி வடிஞ்சது. டேங்க்கிலிருந்த துருப் பொடி ஃபில்டர்ல களிமண் மாதிரி அடைச்சிருந்தது. அது ரெண்டாவது.

அப்படியே ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை அடிச்சா பம்ப்போட டயாபிரம் கிழிஞ்சு, இல்லைன்னா கார்புரேட்டர் வழிஞ்சு, பெட்ரோல் ஆயில்ல கலந்திருக்கு. அந்த ஆயிலோட இன்ஜினை ஓட்டினா பேரிங் தேயும். அப்பதான் நிஜமாவே "இன்ஜின் போச்சு" ஆகும். எங்களுக்கு லேசா அடிச்சது. உடனே ஆயிலை மாத்தினோம்.

பிளக் சொல்ற ஜாதகம்

இதெல்லாம் சரி பண்ணி, புது பிளக் போட்டு, கால் மணி நேரம் ஓட்டிட்டு மறுபடி கழட்டிப் பார்த்தோம். முனை பிஸ்கட் கலர்ல இருந்தா கலவை சரி. காஞ்ச கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா காத்து அதிகம். ஈரமா இருந்தா வழியுது. எங்களது நாலும் கரி. இப்ப சந்தேகமே இல்லை, கார்புரேட்டர்தான்.

எந்த டிபார்ட்மென்ட்? வண்டி வேகத்துல நல்லா போய், சிக்னல்ல மட்டும் ஆஃப் ஆச்சுன்னா பைலட் ஜெட் அடைச்சிருக்கு. ஐடிலிங் நல்லா இருந்து, மேட்டுல, வேகத்துல மூச்சு வாங்கினா மெயின் ஜெட், இல்லைன்னா பெட்ரோல் வரத்து. மிதிச்ச உடனே ஒரு நொடி செத்து அப்புறம் எகிறினா பம்ப். இதைச் சோதிக்கிறது ரொம்ப சுலபம். இன்ஜினை ஆஃப் பண்ணி, ஏர் ஃபில்டரைக் கழட்டி, கார்புரேட்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டே த்ராட்டிலைத் திறங்க. ஒரு மெல்லிசான பெட்ரோல் கோடு பீச்சணும். எங்க வண்டியில ரெண்டு சொட்டு எட்டிப்பார்த்துட்டு உள்ள போயிடுச்சு. இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போது மட்டும் வாய்க்கு நேரா முகத்தை வெச்சுடாதீங்க. பேக்ஃபயர் ஆனா புருவம் இருக்காது.

ஓடுறப்போ சோக்கைக் கொஞ்சம் இழுத்தா வண்டி இன்னும் நல்லா ஓடுதுன்னா, எங்கேயோ கூடுதலா காத்து இழுக்குதுன்னு அர்த்தம். பழைய சோலெக்ஸ்ல அது பெரும்பாலும் த்ராட்டில் ஷாஃப்ட். வருஷக்கணக்கா திரும்பித் திரும்பி ஓட்டை தேய்ஞ்சு, ஷாஃப்ட்டைச் சுத்தி காத்து உள்ள போகும். இதைக் கண்டுபிடிக்க இன்டர்நெட்ல கிளீனர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்றாங்க. சூடான இன்ஜின் மேல எரியிற திரவத்தை அடிக்கிறது எனக்குப் பிடிக்கலை. மேஸ்திரி வழி வேற. ஓடுற இன்ஜின்ல ஷாஃப்ட் ஓரத்துல ரெண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டார். ஆயில் அந்த இடைவெளியை ஒரு நிமிஷம் அடைச்சது, ஐடிலிங் உடனே மாறிச்சு. மாட்டிக்கிச்சு!

வெயில் காலத்துல ஓடிட்டு நிறுத்தி, டீ குடிச்சிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினா ஆகலைன்னா, அது கோளாறாவே இல்லாம இருக்கலாம். இன்ஜின் சூட்டுல பெட்ரோல் கொதிச்சு ஆவியாகுது. பழைய ஃபியட் டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போடுறது இதுக்குத்தான். கார்புரேட்டருக்கு அடியில தடிமனான ஃபைபர் பேக்கிங் இருக்கணும். முன்னாடி யாராவது கழட்டினப்போ அதைத் தூக்கிப் போட்டிருந்தாலும் இப்படி ஆகும்.

பணியாரச் சட்டி ரெடியா?

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பெட்ரோல் ஆவி காத்தைவிட கனமானது. தரையோட தரையா தவழ்ந்து போய், பத்தடி தள்ளி எரியிற ஊதுபத்தியைத் தேடிப் பிடிக்கும். மூடின ஷெட்ல இந்த வேலையைச் செய்யாதீங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க. பக்கத்துல பவுடர் வகை தீயணைப்பானோ ஒரு வாளி மணலோ இருக்கட்டும், தண்ணி ஊத்தினா தீ பரவும். முக்கியமா, டியூபை வாயில வெச்சு பெட்ரோல் உறிஞ்சாதீங்க. நம்ம ஊர்ல எல்லாரும் செய்யிறதுதான். ஆனா புரையேறி ஒரு மடக்கு நுரையீரலுக்குள்ள போனாக்கூட ஆஸ்பத்திரியில படுக்க வேண்டிவரும்.

கழட்டுற ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போன்ல போட்டோ எடுங்க. லிங்க் ராடு எந்த ஓட்டையில மாட்டியிருந்தது, ஸ்பிரிங் எந்தப் பக்கம் வளைஞ்சிருந்தது, எல்லாம். "நான் ஞாபகம் வெச்சுக்குவேன்"னு நினைச்சீங்கன்னா கடைசியில ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருக்கும். சாமான் போட்டு வைக்க எனக்குக் கிடைச்சது பெரியம்மாவோட பழைய குழிப்பணியாரச் சட்டி. ஏழு குழி. மூடி ஸ்க்ரூ ஒரு குழி, நீடில் வால்வு ஒண்ணு, பைலட் ஜெட் ஒண்ணுன்னு பிரிச்சுப் போட்டதால எதுவும் கலக்கலை. அந்தச் சட்டி இப்ப நிரந்தரமா பட்டறைச் சாமான் ஆயிடுச்சு. பெரியம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டிட்டு இருக்காங்க.

மேல்மூடியைக் கழட்டினதும் தொட்டிக்கு அடியில ரெண்டு விஷயம் தெரிஞ்சது. ஒண்ணு, கோந்து மாதிரி பழுப்புப் படலம். பெட்ரோல் நின்னு ஆவியாகி மிஞ்சுற கசடு. இன்னொண்ணு, உப்பு பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. கார்புரேட்டர் உடம்பு துத்தநாகக் கலவை. தண்ணி பட்டா இப்படிப் பூக்கும். தண்ணி எங்கேயிருந்து வந்துச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

நீடில் வால்வு அந்தக் கோந்துல பாதி ஒட்டிக்கிட்டு இருந்தது. தொட்டி நிரம்பினாலும் மூடலை, பெட்ரோல் வழிஞ்சு இன்ஜினுக்குள்ள போயிருக்கு. கறுப்புப் புகை, ஆயில்ல வாசனை ரெண்டுக்கும் காரணம் அதுதான். வால்வு முனையை நகத்தால தடவிப் பாருங்க. வளையமா ஒரு பள்ளம் தட்டுப்பட்டா சுத்தம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை, மாத்திடணும். மாத்தினதும் மூடியைத் தலைகீழாப் பிடிச்சு, பெட்ரோல் வர்ற முனையில சுத்தமான டியூப் மாட்டி லேசா ஊதினா காத்து போகக் கூடாது.

ஃப்ளோட்டைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க. உள்ள சலசலன்னு சத்தம் வந்தா ஓட்டை. பித்தளை ஃப்ளோட்டா இருந்தா வெந்நீர்ல அமுக்குங்க, குமிழ் வர்ற இடம்தான் ஓட்டை. ஈயம் வெச்சு அடைக்கலாம். ஆனா உள்ள இருக்குற பெட்ரோல் ஒரு சொட்டு மிச்சமில்லாம வெளியேறினதுக்கு அப்புறம்தான் சூடு பண்ணணும். பெட்ரோல் இருக்குற மூடின டப்பாவைச் சூடு பண்றதுக்கு என்ன பேர்னு உங்களுக்கே தெரியும். சந்தேகமா இருந்தா புதுசு வாங்கிடுங்க.

ஜெட்டுக்குள்ள ஊக்கு விட்டா போச்சு

இந்த வேலையில பலரும் பண்ற பெரிய தப்பு இங்கதான். ஜெட்டுங்கிறது வெறும் ஓட்டை இல்லை, அளவெடுத்த ஓட்டை. மேல 120-ன்னு அடிச்சிருந்தா 1.20 மி.மீ விட்டம். அடைச்சிருக்கேன்னு ஊக்கு, கம்பின்னு விட்டுக் குடைஞ்சா, பித்தளை கீறி அளவு மாறிடும். அப்புறம் அந்த வண்டி எந்த டியூனிங்குக்கும் அடங்காது, மைலேஜும் திரும்பி வராது.

கார்புரேட்டர் கிளீனர்ல ஊறவெச்சு, கம்ப்ரஸர் காத்து அடிங்க. அதுக்கும் மசியலைன்னா தூண்டில் நைலான் நரம்பு. எங்க பைலட் ஜெட் ராத்திரி முழுக்க ஊறியும் அசையலை. மறுநாள் நரம்பு விட்டதும் 'டப்'னு வழி விட்டுச்சு. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா அந்தப் பக்கம் ஒரு துளி வெளிச்சம். அந்த ஒரு துளி வெளிச்சத்துக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன்னு நினைக்கலை. ஆசிட், பாத்ரூம் கழுவுற திரவம் இதெல்லாம் வேண்டாம். பித்தளை பளபளக்கும், உடம்பு அரிச்சிடும். ரப்பர், டயாபிரம் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் கிளீனர்ல போடணும்.

பம்ப் டயாபிரம் அப்பளம் மாதிரி விறைச்சிருந்தது. ரிப்பேர் கிட்ல புதுசு இருக்கும். கிட் விஷயத்துல என் கருத்து: டயாபிரம், பேக்கிங், நீடில் வால்வை கிட்டிலிருந்து எடுத்துக்கோங்க. ஜெட் மட்டும் பழைய ஒரிஜினல் நல்லா இருந்தா அதையே போடுங்க. சில கிட்ல வர்ற ஜெட்ல நம்பர் ஒண்ணு, ஓட்டை ஒண்ணு. முழு கார்புரேட்டரே புதுசு மாதிரி மலிவா கிடைக்குதேன்னு டூப்ளிகேட் வாங்குறதைவிட, ஒரிஜினல் உடம்பைக் காப்பாத்துறதுதான் நல்லது. சென்னைக்காரங்க ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைன்னு ஒரு ரவுண்டு போனா, பழைய ஒரிஜினல் சாமானே மாட்டலாம். கையோட பழசைக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்க.

சோலெக்ஸுக்குன்னே ஒரு வியாதி உண்டு. வழியுதுன்னு ஒவ்வொருத்தரும் மூடி ஸ்க்ரூவை ஓங்கி ஓங்கி முறுக்க, மூடி ஓரம் வாழை இலை மாதிரி வளைஞ்சிடும். அப்புறம் எத்தனை பேக்கிங் போட்டாலும் நிக்காது. தடிமனான கண்ணாடித் துண்டு மேல மூடியைக் கவிழ்த்து வெச்சுப் பாருங்க, ஆடினா வளைஞ்சிருக்கு. அதே கண்ணாடி மேல நைஸ் எமரி பேப்பரை ஒட்டி, மூடியை எட்டு போடுற மாதிரி பொறுமையா தேய்ச்சா சமமாகும். எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. பேக்கிங்குக்குப் பதிலா பசை பூசுறவங்களும் இருக்காங்க. பிதுங்கி வர்ற பசைத் துணுக்கு நேரா போய் ஜெட்டைத்தான் அடைக்கும்.

தேய்ஞ்ச த்ராட்டில் ஷாஃப்ட் மட்டும் வீட்டு வேலை இல்லை. லேத் பட்டறையில கொடுத்து, உடம்புல ஓட்டையைப் பெருசாக்கி பித்தளை புஷ் இறக்கணும். பழகின கையா பார்த்துக் கொடுங்க. ஓட்டை நூல் அளவு கோணலா போனாலும் த்ராட்டில் தகடு மூடாது.

திரும்ப மாட்டுறப்போ நீடில் வால்வுக்கு அடியில இருக்குற வாஷரைத் தொலைச்சுடாதீங்க. தொட்டியில பெட்ரோல் மட்டம் எவ்வளவுங்கிறதை அந்த வாஷரோட தடிமன்தான் முடிவு பண்ணுது. தடிமன் கூடினா மட்டம் இறங்கும், குறைஞ்சா ஏறும். பழசு எவ்வளவோ அதே அளவு.

இ-20 பெட்ரோலும் இந்த வண்டிகளும்

இப்ப அந்தத் தண்ணி விஷயம். பங்க்ல நாம போடுற பெட்ரோல்ல 2022-ல் 10 சதவிகிதமா இருந்த எத்தனால், இப்ப 20 சதவிகிதம். எத்தனால் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும். தினம் ஓடுற வண்டியில அதுக்கு நேரம் கிடைக்காது. மாசக்கணக்கா நிக்கிற வண்டியில தண்ணி அளவு ஒரு கட்டத்தைத் தாண்டினா, எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில தங்கிடும். எங்க டேங்க் துருவும், தொட்டி வெள்ளைப் பொடியும் அப்படி வந்ததா இருக்கும்னு மேஸ்திரி சொன்னார்.

ரெண்டாவது, 1984-ல் செஞ்ச ரப்பர் எதுவும் எத்தனாலை நினைச்சுச் செஞ்சது இல்லை. உப்பும், வெடிக்கும். பெட்ரோல் டியூப் வெடிச்சா சொட்டுறது சூடான இன்ஜின் மேல. அதனால கார்புரேட்டரைச் சரி பண்றப்போ டேங்க்கிலிருந்து வர்ற ரப்பர் டியூப் மொத்தத்தையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்திடுங்க. நான் சொன்னதுல எதை விட்டாலும் இதை விடாதீங்க.

மூணாவது, கலவை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக, பழைய ஜெட் வழியா இ-20 போனா, இன்ஜினுக்கு காத்து கூடிப்போன மாதிரி ஆகும். சில வண்டிகள்ல மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்த வேண்டி வரும். எல்லா வண்டிக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஏத்தக் கூடாது. நூறு கிலோமீட்டர் ஓட்டி பிளக் கலர் பாருங்க. வெளுத்திருந்தா மட்டும் ஏத்துங்க.

டியூனிங்... காதால கேட்கிற வேலை

மிக்சர் ஸ்க்ரூவை மெதுவா, தொடுற வரைக்கும் மட்டும் உள்ள திருப்பி, அங்கேயிருந்து ஒன்றரை சுத்து வெளியில எடுங்க. இறுக்கினா ஊசி முனையில பள்ளம் விழும். இன்ஜின் நல்லா சூடாகட்டும். ஐடிலிங் ஸ்க்ரூவால நிக்கிற வேகத்துக்குக் கொண்டு வாங்க. இப்ப மிக்சரைக் கால் சுத்து கால் சுத்தா திருப்பினா, ஒரு இடத்துல இன்ஜின் வேகம் உச்சத்துக்குப் போகும். அங்கே நிறுத்திட்டு ஐடிலிங்கைக் குறைங்க. மறுபடி மிக்சர், மறுபடி ஐடிலிங். ரெண்டு மூணு ரவுண்டுல அடங்கும். மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் இன்ஜின் கண்டுக்கவே இல்லைன்னா, இன்னும் எங்கேயோ காத்து இழுக்குது, இல்லைன்னா பைலட் வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம். திரும்பிப் போங்க.

சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு மலிவான வழி, புகைப் பரிசோதனை. 2000-ம் ஆண்டு மார்ச்சுக்கு முன்னாடி வந்த பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்ல கார்பன் மோனாக்சைடு 3 சதவிகிதத்துக்குள்ள இருக்கணும். எப்படியும் அந்தச் சான்றிதழ் எடுத்துதான் ஆகணும். வண்டியைக் காட்டாமலே பேப்பர் தர்ற ஆள்கிட்ட போகாம, நிஜமாவே குழாய் விட்டு சோதிக்கிற இடத்துக்குப் போங்க. பிரின்ட்ல வர்ற அந்த நம்பர்தான் உங்க வேலைக்கு மார்க். எங்களுக்கு முதல் தடவை 4-க்கு மேல காட்டுச்சு. அங்கேயே கால் சுத்து உள்ள திருப்பினோம். ரெண்டாவது தடவை 2.4.

நாலாவது ஞாயித்துக்கிழமை காலையில முக்கொம்பு வரைக்கும் ஓட்டிட்டுப் போனோம். பெரியப்பாதான் ஓட்டினார். நானும் மேஸ்திரியும் பின்னாடி. குடமுருட்டிப் பாலத்துக்கிட்ட ஒரு லாரியைத் தாண்ட அழுத்தி மிதிச்சார், வண்டி இருமலை. அவர் ஒண்ணும் சொல்லலை, கண்ணாடி வழியா மேஸ்திரியை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். திரும்பி வந்து பிளக்கைக் கழட்டினா, நாலும் பிஸ்கட் கலர்.

இப்ப வாரம் ஒரு தடவையாவது வண்டி வெளியில போகுது. ஊருக்குப் போற மாதிரி நாலஞ்சு வாரம் நிறுத்துறதா இருந்தா, பெரியப்பா பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போற டியூபைக் கழட்டி அடைச்சிட்டு, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுறார். தொட்டி காலியாகிடும், கோந்து பிடிக்காது. முதல் 300 கிலோமீட்டர் ஓடினதும் மூடி ஸ்க்ரூவை இன்ஜின் ஆறினப்புறம் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. பார்த்தேன். ரெண்டு லேசா தளர்ந்திருந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால, ரெண்டு விரல் பலத்துல மட்டும் முறுக்கினேன்.